அலர்ட்: ஒரு காவற்சொல்லின் வரலாறு

அலர்ட் என்பது விழிப்புடனும் ஆயத்தமாகவும் இருக்கும் நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். பெயர், வினை, பெயரடை என மூன்று வகையிலும் இது வழங்குகிறது. தமிழ்ச் செய்திகளில் "ரெட் அலர்ட்", "ஆரஞ்சு அலர்ட்" என இச்சொல்லைக் கண்டதும் பலர் அஞ்சுவதுண்டு. ஆனால், அச்சமன்று, கவனமே இதன் மூலப்பொருள்.

தோற்றம்

இத்தாலிய மொழியில் "எர்த்தா" என்பது மேட்டுச் சரிவைக் குறிக்கும். உயர்த்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையே இதன் வேர். "அல்லெர்த்தா" என்றால் "மேட்டின் மீது", அதாவது காவல் மேட்டில் நின்று பார் என்பதாகும். படைக்காவலர்களின் இக்குரல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அலாரம் என்னும் சொல்லும் இத்தாலியப் படைக்குரலே. "அல்லார்மே" என்பதற்கு "ஆயுதம் எடு" என்று பொருள். முன்னது பார்க்கச் சொன்னது. பின்னது போரிடச் சொன்னது.

1940இல் பிரிட்டன்

இரண்டாம் உலகப்போரின்போது இந்த வேறுபாடு பெரிதும் தேவைப்பட்டது. பிரிட்டனில் வான்தாக்குதல் குறித்த தகவல்கள் நிறப்பெயர்களால் அனுப்பப்பட்டன. மஞ்சள் என்பது முன்னறிவிப்பு. சிவப்பு வந்தால் அபாயச் சங்கு ஒலிக்கும். சங்கு ஒலிக்கும்போதெல்லாம் தொழிலாளர்கள் பதுங்கிடங்களுக்குச் சென்றதால் ஆலைகளில் உற்பத்தி தடைபட்டது. 1940 செப்டம்பரில் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், சங்கொலியை அலாரமாக அல்லாமல் அலர்ட்டாகக் கொள்ள வேண்டும் என நாடாளுமன்றத்தில் கூறினார். அதன்படி ஆலைக் கூரைகளில் கண்காணிப்பாளர்கள் நின்றனர். எதிரி விமானம் நெருங்குவதை அவர்கள் அறிவிக்கும் வரை கீழே வேலை தொடர்ந்தது.

வானிலை அறிவிப்புகளில்

இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறங்களைப் பயன்படுத்துகிறது:

பச்சை: எச்சரிக்கை ஏதுமில்லை
மஞ்சள்: தகவல்களைக் கவனித்து வருக
ஆரஞ்சு: ஆயத்தமாக இருக்க
சிவப்பு: நடவடிக்கை எடுக்க

இத்துறையின் வகைப்பாட்டில் அலர்ட் என்னும் சொல் ஆரஞ்சு நிறத்துக்கே உரியது. சிவப்புக்கு எச்சரிக்கை என்னும் பொருள்தரும் வேறு ஆங்கிலச் சொல் ஆளப்படுகிறது. செய்தி வழக்கில் இவ்விரண்டும் "அலர்ட்" என்றே வருவதால் வேறுபாடு மறைகிறது. தாழ்வான பகுதியில் வசிப்போர் ஆவணங்கள், மருந்துகள், குடிநீர் ஆகியவற்றை எடுத்துவைக்க வேண்டிய காலம் ஆரஞ்சு நிலையே. சிவப்பு வரட்டும் எனக் காத்திருப்போருக்கு அதற்கான அவகாசம் கிடைக்காமல் போகலாம்.