விருந்தோம்பலில் விளைந்த பாடல் தொகுப்பு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில், கேலிக் மொழிப் பாடல்கள் ஏட்டைவிட நாவிலேயே மிகுதியாக வாழ்ந்து வந்தன. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அம்மொழிக்கு இடமளிக்காத நிலையில், அண்டை அயலார் மாலையில் ஒரு வீட்டில் கூடிப் பாடியும் கதை சொல்லியும் மகிழும் 'கெய்லி' என்னும் வழக்கமே அவற்றுக்குப் பள்ளியாக விளங்கியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த மார்கரெட் ஃபே ஷா (1903–2004), ஸ்காட்லாந்தில் பயின்றபோது பாடகி மார்ஜரி கென்னடி ஃபிரேசரின் வாயிலாக இப்பாடல்களை முதன்முதலில் கேட்டார். அவை கச்சேரி மேடைக்கும் பியானோவுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டிருந்தமையால், மூல வடிவத்தைத் தேடிச் சென்ற அவர், தென் யூயிஸ்ட் தீவில் பெகி மெக்ரே, மாரி மெக்ரே என்னும் சகோதரியரின் வீட்டில் 1929 முதல் 1935 வரை தங்கினார். மின்விளக்கில்லாத அந்த எளிய வீட்டில், கால்நடை பேணல், எரிபொருளுக்காக முற்றா நிலக்கரி வெட்டுதல் முதலிய அன்றாட வேலைகளுக்கிடையே பாடல்களைக் கேட்டு, பாடியவர் பாடியவாறே இசைக்குறியீட்டுடன் எழுதிக்கொண்டார். வந்து கேட்டுச் செல்லும் ஆய்வாளருக்கு ஒரு பாடலின் சொற்கள் கிடைத்துவிடலாம்; அது எந்த வேலைக்குரியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பன உடனுறைந்தவருக்கே புலப்படும். ஆகவே 1955இல் வெளிவந்த அவரது தென் யூயிஸ்ட் நாட்டுப்பாடல் நூலில் பாடல்களோடு பழமொழிகளும் வைத்திய முறைகளும் சமையற்குறிப்புகளும் இடம்பெற்றது இயல்பே. அந்நூலின் பெருமையில் அடைக்கலம் தந்த சகோதரியருக்குச் சரிபாதி உரிமை உண்டு.

இப்பாடல்களில் தனிச்சிறப்புடையவை துணி இறுக்கும் பாடல்கள். நெய்தெடுத்த கம்பளித் துணியை நனைத்து, பலகையைச் சுற்றி அமர்ந்த பெண்கள் தாளத்தோடு அடித்தடித்து அதனை இறுகவும் தடிக்கவும் செய்கையில், ஒருத்தி அடியெடுத்துப் பாட, ஏனையோர் பெரும்பாலும் பொருளற்ற ஓசைகளாலான பல்லவியைத் திருப்பிப் பாடுவர். அரண்மனைப் புலவர்கள் பாடாத பெண்களின் காதலும் இழப்பும் சினமும் இந்த வேலையின் துணையாலேயே நூற்றாண்டுகளைக் கடந்து வந்தன.

1935இல் ஷாவை மணந்த ஜான் லோர்ன் கேம்பல், 1937 முதல் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு பாடல்களைச் சேகரித்து, துணி இறுக்கும் பாடல்களை இசையறிஞர் ஃபிரான்சிஸ் காலின்சனுடன் இணைந்து 1969, 1977, 1981 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1938இல் அவர் வாங்கிய கன்னா தீவில் இருவரும் வாழ்ந்த இல்லம், அறிஞர்க்கும் பாடகர்க்கும் விருந்தகமாயிற்று. 1981இல் அத்தீவையும், தம் நூலகத்தையும் ஒலிப்பதிவுகளையும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கு அவர்கள் வழங்கினர்; ஷா தம் இறுதிக்காலம் வரை அவ்வில்லத்திலேயே வாழ்ந்தார்.