நஹர்னி: நகம் வெட்டிய கைகளின் வரலாறு

இந்தியில் நகத்துக்கு நான்கு சொற்கள் உண்டு. சமஸ்கிருதத்திலிருந்து மாற்றமின்றி எடுத்துக்கொண்ட 'நக்' ஒன்று. அதே சொல் பிராகிருதத்தின் வழியே தேய்ந்து, ககர ஒலியை இழந்து நிற்கும் 'நஹ்' இரண்டாவது. பாரசீகம் தந்த 'நாகூன்', ஆங்கிலம் தந்த 'நெயில்' ஆகியவை மற்ற இரண்டு. நான்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்பர் ஒப்பியல் மொழிநூலார். ஒரே சொல் நான்கு காலங்களில் நான்கு வாசல்கள் வழியாக ஒரே வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. (தமிழின் 'நகம்' அந்த முதல் வாசல் வழி வந்த கடன். தமிழுக்கு உரியது 'உகிர்'; கன்னடத்தின் 'உகுரு', தெலுங்கின் 'கோரு' அதன் உறவுகள்.)

இவற்றுள் 'நஹ்' தனிச்சொல்லாக நகரப் பேச்சில் அருகிவிட்டது. இரண்டு கூட்டுச் சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு அது உயிர் பிழைத்திருக்கிறது. ஒன்று 'நஹர்னி', நாவிதரின் பெட்டியில் இருக்கும், சிற்றுளி போன்ற நகம் வெட்டும் கருவி. மற்றொன்று 'நஹச்சூ', திருமணத்தை ஒட்டி நகம் களையும் சடங்கு. இரண்டிலும் நகம் ஒருவருடையது, வெட்டும் கை வேறொருவருடையது. 'நெயில் கட்டர்', 'நெயில் பாலிஷ்' என்னும் புதுச் சொற்களோ தன் நகத்தைத் தானே பேணிக்கொள்ளும் ஒருவரைக் கண்முன் நிறுத்துகின்றன. அந்தக் கை மாற்றம் எளிதில் நிகழ்ந்ததன்று.

தன் நகத்தைத் தானே வெட்டிக்கொள்வது குறித்த மிகப் பழைய, மிக நுணுக்கமான இந்தியச் சான்று ஒரு துறவியர் சட்டநூலில் கிடைக்கிறது. பாலி விநய பிடகத்தின் சுல்லவக்கம், நீண்ட நகம் வளர்த்த பிக்கு ஒருவரின் கதையைச் சொல்கிறது. அவர் பிச்சைக்குச் சென்ற இடத்தில் ஒரு பெண் அவரை இச்சைக்கு அழைக்கிறாள். அவர் மறுக்கவே, தன் உடலைத் தானே கீறிக்கொண்டு பிக்கு கெடுத்துவிட்டார் என்று கூச்சலிடுகிறாள். கூடியவர்கள் அவளுடைய நகங்களில் தோலும் குருதியும் ஒட்டியிருப்பதைக் கண்டு உண்மையை உணர்கின்றனர். பிக்கு தப்புகிறார், ஆயினும் பிக்குகள் நீண்ட நகம் வைத்திருக்கலாகாது என்ற விதி பிறக்கிறது.

அதன்பின் வருவதே வரலாற்றாசிரியருக்கு விருந்து. கருவி இல்லாத பிக்குகள் நகத்தை நகத்தாலேயே கிள்ளுகின்றனர், பல்லால் கடிக்கின்றனர், சுவரில் தேய்க்கின்றனர். விரல்கள் வலிக்கின்றன. நகம் வெட்டும் கருவி அனுமதிக்கப்படுகிறது. உடனே சிலர் குருதி வருமளவுக்கு ஒட்ட வெட்டுகின்றனர், மீண்டும் வலி. சதையின் மட்டத்துக்கு வெட்டினால் போதும் என்று அளவு குறிக்கப்படுகிறது. பிறகு, விதிகளை எப்போதும் சோதித்துப் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற ஆறு பிக்குகள் இருபது நகங்களையும் மெருகேற்றிக்கொண்டு வருகின்றனர். இல்லறத்தார் போல் இருக்கிறார்களே என்று ஊர் முணுமுணுக்கிறது. மெருகு தடைசெய்யப்படுகிறது, அழுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய வீட்டு நகப்பராமரிப்பின் வரிசையான வெட்டுதல், அளவு, அழுக்கெடுத்தல், மெருகு அனைத்தும் இச்சிறு பகுதியிலேயே வந்துவிடுகின்றன. மெருகேற்றிய நகம் இல்லறத்தாரின் அடையாளமாக அன்றே கருதப்பட்டது என்பதும் இதனால் தெரிகிறது.

இல்லறத்தாருக்கான நூல்கள் வேறு திசையில் செல்கின்றன. சரகர் பதினைந்து நாட்களில் மூன்று முறை முடியும் தாடியும் நகமும் களையச் சொல்கிறார். மனு, நகத்தைப் பல்லால் பறிக்காதே என்கிறார். நகம் கடிப்பவன் விரைவில் அழிவான் என்று அச்சுறுத்தவும் செய்கிறார். காமசூத்திரம் நகத்தை வட்டாரவாரியாகவே வகைப்படுத்துகிறது. கௌட நாட்டாரின் நகம் நீண்டு கைக்கு அழகு சேர்ப்பது. தென்னாட்டாரின் நகம் குறுகியது, வேலையைத் தாங்கக்கூடியது. மகாராஷ்டிரரின் நகம் இரண்டுக்கும் நடுவே. இந்த வகைப்பாட்டை மெய்யான இனவரைவியல் என்று கொள்வதற்கில்லை. ஆனால், உழைப்புக்கு ஏற்ற நகமும் உழைப்பிலிருந்து விலகிய நகமும் வேறு என்ற உணர்வு அதன் ஆசிரியருக்குத் தெளிவாக இருந்தது.

அந்த உணர்வோடு தீட்டு பற்றிய எண்ணமும் சேர்ந்துகொண்டது. ஆயுர்வேதம் நகத்தை எலும்புத் தாதுவின் மலமாகக் கணக்கிடுகிறது. விரலில் இருக்கும்வரை அழகு. வெட்டி விழுந்த நொடியில் அழுக்கு. அந்த அழுக்கைத் தொட்டு அகற்றும் பணி ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்டது. பிள்ளை பெற்றவளின் நகத்தை நாவிதப் பெண் களைந்த பிறகே தீட்டுக் கழியும். இழவு வீட்டின் துக்க நாட்கள் நாவிதரின் கையால்தான் முடியும். 1936இல் வெளிவந்த வில்லியம் வைசரின் நூல், வட இந்தியச் சிற்றூர்களின் இத்தகைய பரம்பரைப் பணி உறவுகளுக்கு 'ஜஜ்மானி முறை' என்ற பெயரை ஆய்வுலகில் நிலைநாட்டியது. பணிக்கு ஈடு பெரும்பாலும் அறுவடைத் தானியம். சடங்கு நாட்களில் மட்டும் தனி வரும்படி.

அந்தச் சடங்கு நாளின் ஓவியம் அவதியில் இருக்கிறது. துளசிதாசர் பெயரில் வழங்கும் 'ராம்லலா நஹச்சூ', சோஹர் என்னும் பெண்களின் பாட்டு வடிவில் அமைந்த சிறுநூல். இராமனின் நகம் களையும் சடங்கே அதன் பொருள். நாவிதப் பெண் நஹர்னியுடன் வருகிறாள், பாதத்துக்குச் செந்நிற மஹாவர் பூசுகிறாள், தனக்குரிய பரிசைக் கேட்டுப் பெறுகிறாள். ஆண்டின் மற்ற நாட்களில் முற்றத்தின் ஓரத்தில் நிற்பவள் அன்று அரண்மனையின் நடுவில் அமர்கிறாள். இதைக் கொண்டாட்டமாக மட்டும் படிப்பது போதாது. அவளுக்குப் பேரம் பேச வாய்த்த நாள் அது ஒன்றே.

வங்காளத்தில் இதே பணியை நாப்தினி செய்தாள். வெளியே செல்லாத அந்தப்புரத்துப் பெண்களிடம் அவளே வந்தாள்; ஜாமா என்னும் கருகிய செங்கல்லால் குதிகாலைத் தேய்த்து, நருனால் நகம் வெட்டி, ஆல்தா தீட்டி, ஊர்ச் செய்திகளையும் சொல்லிச் சென்றாள். 'வீட்டிலேயே நகப்பராமரிப்பு' என்பதற்கு அன்று பொருள் இதுதான்: வீடு தன்னுடையது, கை பிறருடையது.

அப்படியானால், தன் நகத்தைத் தானே வெட்டிக்கொண்டவர் யார்? துறவியரை விட்டுவிட்டால், நாவிதர் தொட மறுத்தவர்கள். அம்பேத்கர் தன் இளமை நினைவுகளில் சதாராவைப் பற்றி எழுதுகிறார். அவ்வூரில் நாவிதர்களுக்குக் குறைவில்லை; கூலி கொடுக்கக் குடும்பத்துக்கு வசதியும் இருந்தது. ஆயினும் தீண்டப்படாதவரின் தலையில் கத்தி வைக்க எவரும் முன்வராததால், அவருடைய முடியை அவருடைய மூத்த சகோதரியே வெட்டினார். முடிக்கு நேர்ந்தது நகத்துக்கும் நேர்ந்திருக்கும். இரண்டுக்குமான கருவிகள் இருந்தது ஒரே பெட்டியில். பிற்காலத்தில் தற்சார்பு என்றும் சுகாதாரம் என்றும் பாராட்டப்பட்ட ஒரு பழக்கம், சாதிப்படியின் அடியில் மறுப்பின் விளைவாக முன்பே நிலவியது. அழகுசாதன வரலாறுகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

ஒருமுறை அந்தப் படி தலைகீழாகவும் ஆயிற்று. அதுவும் நஹச்சூவின் அவதிலேயே. 1919இன் இறுதியில் பிரதாப்கட் பகுதி உழவர்கள் தாலுக்தார்களுக்கு எதிராகத் திரண்டபோது, ஊர்ப் பஞ்சாயத்துகள் 'நாவிதர், வண்ணார் பந்த்' அறிவித்தன. நிலப்பிரபுவுக்கு முகம் மழிக்கவோ துணி வெளுக்கவோ ஆள் வராது. வெறும் வசதிக் குறைவென்று இதைக் கருதலாகாது. பிறப்பும் இறப்பும் திருமணமும் நாவிதரின் கையின்றி முடியாத சமூகத்தில், நாவிதர் வர மறுப்பது ஒரு குடும்பத்தைத் தீட்டிலேயே நிறுத்திவைப்பதாகும். காலங்காலமாக அடித்தட்டினர்மீது ஏவப்பட்ட ஆயுதத்தை உழவர்கள் மேல்நோக்கித் திருப்பினர்.

இதற்கிடையே கருவியும் மாறிக்கொண்டிருந்தது. நஹர்னி நேரான தட்டை அலகு கொண்டது. அதைப் பிடிக்கப் பழகிய கை வேண்டும். வலக்கை நகத்தை இடக்கையால் அதைக்கொண்டு வெட்ட முனைபவருக்குக் காயம் நிச்சயம். கருவியின் வடிவமே இன்னொரு மனிதரைக் கேட்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெறத் தொடங்கிய நெம்புகோல் வகை வெட்டி அந்தத் தேவையை நீக்கியது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அழுத்தினால் போதும்; பழகாத இடக்கையும் வேலையை முடித்துவிடும். எனினும் இந்திய வீடுகளில் அது பரவும்வரை பலரும் நம்பியது பாதியாக ஒடித்த சவர பிளேடைத்தான். உருதுவில் 'நாகூன் தராஷ்' என்ற அழகிய சொல் இருந்தும் கடைத்தெருவில் வென்றது 'நெயில் கட்டர்'.

நிறத்தின் கதை சற்றே வேறு. மருதாணியிடுதல் நாவிதரைச் சாராமல் பெண்கள் தமக்குள் காத்துவந்த கலை. தெலுங்கில் அதன் பெயரான 'கோரிண்ட'வின் தொடக்கத்திலேயே நகத்தைக் குறிக்கும் 'கோரு' ஒலிக்கிறது. ஆஷாட மாதத்தில் இலையை அரைத்து விரல் நுனிகளில் தொப்பியாக அப்பிக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. அதற்கும் பிறர் உதவி தேவை. இரு கையிலும் இட்டவளுக்குச் சோறூட்டக்கூட ஒருவர் வேண்டும். 1952இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் லாக்மேவைத் தொடங்கியது. உள்நாட்டு நகப்பூச்சு புட்டிகள் நடுத்தர வீடுகளுக்குள் வந்தபோது இந்தக் காத்திருப்பு சில நிமிடங்களாகச் சுருங்கியது. மருதாணியின் நிறம் நகம் வளர வளர மேலேறி மறையும். பூச்சை விரும்பியபோது அழிக்கலாம். வெள்ளியன்று பூசித் திங்களன்று அழிக்கும் கல்லூரி மாணவிக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

தடைகள் மட்டும் கருவியோடு கலைந்துபோகவில்லை. இரவில் நகம் வெட்டாதே, செவ்வாயில் வெட்டாதே, சனியில் வெட்டாதே, வெட்டியதை வீட்டுக்குள் போடாதே என்ற எச்சரிக்கைகள் வட இந்திய வீடுகளில் இன்றும் கேட்கின்றன. மின்விளக்கு இல்லாத காலத்தின் முன்னெச்சரிக்கை என்று இதற்குப் 'பகுத்தறிவு' விளக்கம் கூறுவோர் உளர். செவ்வாய்க்கிழமை நண்பகலில் வெளிச்சத்துக்கு என்ன குறை? இரவு பற்றிய தடைக்கு அந்த விளக்கம் ஓரளவு பொருந்தலாம். கிழமை பற்றிய தடைக்கு விளக்கைக் காட்டிலும் நாவிதர் பெட்டியே நெருக்கம். வட இந்தியாவின் பல ஊர்களில் சலூன்கள் செவ்வாயன்றுதான் மூடியிருக்கின்றன. நகத்தை வெட்டும் கை தன்னுடையதாகிவிட்ட பிறகும், வெட்டும் நாளைப் பழைய பஞ்சாங்கமே தீர்மானிக்கிறது.

நஹச்சூவும் நின்றுவிடவில்லை. நகரத்துத் திருமண வீடுகளில் மணமகளின் விரல்கள் முந்தைய இரவே அரத்தால் வடிவம் பெற்று, இரண்டு பூச்சுகள் காய்ந்து பளபளக்கின்றன. காலையில் நாவிதப் பெண் வருகிறாள். அந்தப் பூச்சு கீறிவிடாதபடி, கொண்டுவந்த நஹர்னியை நகத்தின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்து எடுக்கிறாள். மஹாவர் தீட்டுகிறாள். பிறகு, தனக்குரியதைக் கேட்கத் தொடங்குகிறாள்.