உப்பைத் தாங்கிய நெல்: கும்பளங்கி வயலும் மரபணுச் சட்டமும்

கும்பளங்கி என்றதும் 2019-இல் வெளிவந்த மலையாளப் படமே பலருக்கு நினைவுக்கு வரும். கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த அக்கிராமத்தின் வயல்களுக்கு அதைவிட நீண்ட கதை உண்டு. மரபணு மாற்றப் பயிர்கள் குறித்த நம் விவாதம் வழக்கமாகப் பருத்தியில் தொடங்கிக் கத்தரிக்காயில் முடிகிறது. இவ்வயல்களின் பொக்காளி நெல்லிலிருந்து தொடங்கினால், கேள்வியே சற்று வேறாகிறது.

பொக்காளி கடல்நீர் ஏறி இறங்கும் தாழ்நிலத்தில் விளைவது. கோடையில் நீரை வடித்து, மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை அம்மேடுகளின் உப்பைக் கழுவியதும், முளைகட்டிய விதையை அவற்றின்மேல் தூவுவார்கள். நாற்று ஒரு மாதம் வளர்ந்தபின் மேட்டை வெட்டி, மண்ணோடு சேர்த்து வயலெங்கும் பரப்புவார்கள். பயிர் ஆளுயரத்துக்கு எழும். பெயரையே, உயரத்தைக் குறிக்கும் ‘பொக்கம்’ என்ற மலையாளச் சொல்லோடு இணைத்துச் சொல்வதுண்டு. ஐப்பசி வாக்கில் கதிரை மட்டும் கொய்துவிட்டுத் தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். அது அழுகி இறாலுக்கு இரையாகும். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அதே வயல் இறால் வயல். ஓதநீரை உள்ளே விடும் மதகுக்கு அங்கே ‘தூம்பு’ என்று பெயர். நம் ஏரிப்பாசனத்திலும் அதே சொல்தான். இவ்வயலில் பூச்சிமருந்து தெளிப்பதில்லை. தெளித்தால் அடுத்து வரும் இறால் பிழைக்காது. எந்த ஆணையும் இன்றியே நஞ்சு விலக்கப்பட்ட வேளாண்மை இது.

இந்த நெல்லின் உப்பைத் தாங்கும் குணம் வெகுகாலம் முன்பே பயணம் புறப்பட்டுவிட்டது. பொக்காளி இலங்கையில் எவ்வாறு விளைந்தது என்பதைப் பற்றி 1949-லேயே ‘டிராப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இதழில் கட்டுரை வந்தது. பின்னர் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியை ஐ.ஆர். 29 ரகத்தோடு கலந்தது. அவ்வழித்தோன்றல்களில், முதலாம் குரோமோசோமில், நாற்றுப் பருவத்தில் உப்பைத் தாங்க உதவும் ஒரு பகுதி அடையாளம் காணப்பட்டது. அதற்குச் ‘சால்டால்’ என்று பெயரிட்டார்கள். இன்று பல நாடுகளின் நெல் ரகங்களில் அப்பகுதி கலப்பின வழியில் சேர்க்கப்படுகிறது. அதில் அயல் மரபணு ஏதுமில்லை. ஆதலால் மரபணு மாற்றப் பயிருக்கான சட்டம் அதைத் தொடுவதுமில்லை.

இரண்டாவது வழி சென்னையில் திறந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அலையாத்தி மரமொன்றின் மரபணுவைப் பூசா பாஸ்மதி-1 நெல்லில் செலுத்தி, உப்பைத் தாங்கும் திறன் கூடியதை 2008-இல் வெளியிட்டார்கள். 2008-09 நிதியாண்டில்தான் பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே குணத்துக்கு ஒருபுறம் ஆய்வகத்தில் புதிய மூலம் தேடப்பட, மறுபுறம் அதன் பழைய மூலத்துக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

அடுத்து வந்தது பி.டி. கத்தரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றது. 2009 அக்டோபர் 14-இல் மத்திய ஒப்புதல் குழு அதற்கு இசைந்தது. 2010 பிப்ரவரி 9-இல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். நீண்டகால உடல்நல விளைவுகளைச் சார்பற்ற முறையில் சோதிக்கவில்லை என்பது முக்கியக் குறை. அதே கத்தரியை வங்கதேச உழவர்கள் 2014 முதல் பயிரிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட இத்தகைய உணவுகளால் தீங்கு நிறுவப்படவில்லை என்பதே பெரும்பாலான அறிவியல் அமைப்புகளின் நிலை. ஆயினும் சோதனையைத் தயாரிப்பாளரே நடத்துவதா என்ற கேள்வி நியாயமானதென்றே எனக்குத் தோன்றுகிறது. கேரளம் உறுதியாக எதிர்த்தது. எண்டோசல்ஃபானால் காசர்கோடு பட்ட துயரை அறிந்த மாநிலம் அது. உண்ணப்படாத ரப்பருக்குக்கூட அம்மாநிலம் இசையவில்லை. கோட்டயத்தில் உருவான மரபணு மாற்ற ரப்பர் கன்று 2021 ஜூனில் அசாமின் குவாஹாத்தி அருகேதான் நடப்பட்டது.

பிறகு சொல் மாறியது. ‘மாற்றம்’ போய் ‘திருத்தம்’ வந்தது. அயல் டி.என்.ஏ. எஞ்சாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச் 30-இல் மத்திய அரசு விதிவிலக்கு அளித்தது. 2025 மே 4-இல் ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ அறிவிக்கப்பட்டது. வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக எம்.டி.யு. 1010 ரகத்தில் ஒரு மரபணு திருத்தப்பட்டது. மொழியியல் படித்தவளுக்கு இச்சொல்லைக் கடந்து செல்வது எளிதன்று. பிழை இருந்தால்தானே திருத்துவோம்? ‘மாற்றம்’ கேட்பவரிடம் ஐயத்தை எழுப்புகிறது. ‘திருத்தம்’ முன்கூட்டியே ஒப்புதலைப் பெற்றுவிடுகிறது. இரண்டு தொழில்நுட்பங்களும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும் விலக்கின் அளவுகோல் அயல் டி.என்.ஏ. உண்டா என்பதே. அவ்விதை எத்தகைய வயலை உண்டாக்கும் என்பதை அது கேட்பதில்லை.

பொக்காளியின் குணம் விதையளவில் பிரித்தெடுக்கத் தக்கது என்பதை இந்த எழுபத்தைந்து ஆண்டுகள் காட்டிவிட்டன. வயல் அப்படிப் பிரிவதில்லை. இடுப்பளவுச் சேற்றில் நின்று கதிர் கொய்ய ஆளில்லை, எந்திரம் இறங்காது, இறாலின் வருவாய் நெல்லில் இல்லை. ஆகவே ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்ற அரசுக் கொள்கை ஏட்டில் இருக்க, பல வயல்கள் ஆண்டு முழுவதும் இறாலுக்கே விடப்படுகின்றன. நெல்லுக்காக வடிக்கப்படாத உப்புநீர் நின்றுவிடுகிறது. கும்பளங்கிக்கு அடுத்த செல்லானத்தில் அந்நீர் வீட்டுச் சுவர்களை அரிக்கிறது என்பது அங்கு வாழ்வோரின் நெடுநாள் முறையீடு.