சோதனை வீச்சு

ஒரு நிரலைச் சோதிக்கும்போது அதன் வரிகளில் எவை ஓடின, எவை தொடப்படாமல் கிடந்தன என்று எண்ணிச் சொல்லும் அளவு சோதனை வீச்சு. மென்பொருள்காரர்களின் பேச்சில் இது ‘கோட் கவரேஜ்’, சுருக்கமாகக் ‘கவரேஜ்’. 200 வரி கொண்ட நிரலில் சோதனைகள் 150 வரிகளை ஓட்டியிருந்தால் கவரேஜ் 75 சதவீதம். மீதி 50 வரிகளைப் பற்றி அந்தச் சோதனைகளுக்கு எதுவுமே தெரியாது. ஓடாத வரி சோதிக்கப்படவில்லை என்பது உறுதி. ஓடிவிட்டதாலேயே ஒரு வரி சரியாகிவிடாது. இந்த இரண்டாவது ஓட்டையை அடைக்க அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சிகளே இந்த அளவின் வரலாறு.

தொடக்கம் 1963 என்பது பொதுவான கணக்கு. அவ்வாண்டு பிப்ரவரியில் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் ஜோன் மில்லர், கிளிஃபர்ட் மலோனி இருவரும், நிரலின் பகுதிகள் எல்லாம் ஓடும்படி உள்ளீடுகளை முறையாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதினார்கள். அதுவரை சோதனை பெரும்பாலும் எழுதியவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்திருந்தது. தோன்றிய எண்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள். விடை ஒத்துவந்தால் விட்டுவிடுவார்கள்.

அளக்கும் முறை எளிது. நிரலின் ஒவ்வொரு துண்டின் தலையிலும், நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் ஒரு கவுண்டரை வைத்துவிடும். அந்த வழியாக ஓட்டம் போகும்போதெல்லாம் எண் ஒன்று கூடும். கடைசியில் சுழியமாகவே நிற்பவை தொடப்படாத துண்டுகள். ஜிசிசி கம்பைலருடன் வரும் ஜிகாவ் செய்வது இதைத்தான். அதன் கணக்கை வாங்கி, ஓடிய வரிகளுக்கு நீலமும் ஓடாதவற்றுக்குச் சிவப்பும் பூசிக் காட்டுவது எல்காவ். முதன்முறை அந்தச் சிவப்பைப் பார்க்கும் எவருக்கும் மனம் ஒரு கணம் துணுக்குறும். நன்றாகத் தெரியும் என்று நம்பிய நிரலில் இவ்வளவு இருட்டா என்றிருக்கும்.

வரிகளை மட்டும் எண்ணினால் என்ன தப்பும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கிறது. அதுபோன்ற ஏலத்துக்குப் பட்டியல் போட ஒரு சிறு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ‘கழிவு’ சுழியம் ஆக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு குவியலாக எடுத்து, ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குரிய கழிவைக் கணக்கிட்டு, எடையிலிருந்து கழித்து, விலையால் பெருக்கித் தொகை சொல்கிறது. ஈரக் கொப்பரை ஒரு குவியலைக் கொடுத்துச் சோதித்தால் போதும், எல்லா வரிகளும் ஓடிவிடும். வரிக் கவரேஜ் நூற்றுக்கு நூறு. காய்ந்த கொப்பரை வந்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவே இல்லை.

அதனால் வந்தது கிளைக் கவரேஜ். ஒவ்வொரு ‘என்றால்’ நிபந்தனையும் ஒருமுறை உண்மையாகவும் ஒருமுறை பொய்யாகவும் அமைய வேண்டும். இப்போது காய்ந்த குவியல் ஒன்றை முதலிலும் ஈரக் குவியலை அடுத்தும் கொடுக்கிறோம். கிளைக் கவரேஜும் 100. ஆனாலும் நிரலில் பிழை அப்படியே இருக்கிறது. வரிசையை மாற்றி, ஈரக் குவியலுக்குப் பின் காய்ந்ததைக் கொடுத்துப் பாருங்கள். கழிவு மறுபடி சுழியம் ஆவதில்லை. முந்தைய விவசாயியின் ஈரத்துக்கான கழிவு, களத்தில் நாள் கணக்கில் உலர்த்திக் கொண்டுவந்த அடுத்தவர் தலையில் விழும். எல்லா வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றால், 10 குவியல்களுக்கு 1,024 வழிகள், 20 குவியல்களுக்கு 10,48,576. வழிக் கவரேஜ் ஏட்டளவில் நின்றுபோனதற்கு இந்தப் பெருக்கமே காரணம். 1979இல் வெளிவந்த தன் புத்தகத்தில் கிளென்ஃபர்ட் மையர்ஸ் வரிக் கவரேஜை மிகப் பலவீனமான அளவுகோல் என்று கண்டித்தார். 1980களில் சாண்ட்ரா ராப்ஸும் எலேன் வெயுக்கரும், ஒரு மதிப்பு பிறக்கும் இடத்திலிருந்து பயன்படும் இடம்வரை தொடர்ந்து போய்ச் சோதிக்கும் தரவோட்ட அளவுகோல்களை வகுத்தார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் இந்த அளவு கட்டாயமாகவே ஆனது. 1992இல் வந்த டிஓ-178பி என்ற விமான மென்பொருள் நெறி, பழுதானால் நேரக்கூடிய விளைவைப் பொறுத்துத் தரம் பிரித்தது. சி தரத்துக்கு வரிக் கவரேஜ், பி தரத்துக்கு அதோடு கிளைக் கவரேஜைப் போன்ற முடிவுக் கவரேஜ், விமானமே விழக்கூடிய ஏ தரத்துக்கு எம்சி/டிசி. இந்தக் கடைசி அளவுகோல், ஒரு முடிவில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் மற்றவற்றின் துணையில்லாமல் தானாகவே முடிவை மாற்றும் என்று காட்டச் சொல்கிறது. ஏறக்குறைய நிபந்தனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலான சோதனைகளே போதும் என்பதால் இது நடைமுறைக்கு ஒத்துவந்தது. அந்தச் சோதனைகளையும் கையால் தேடுவது கடும் வேலை. புனேயில் உள்ள டிசிஎஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர். வெங்கடேஷ் உள்ளிட்ட நால்வர், சி மொழி நிரல்களுக்கான சோதனைத் தரவைத் தானாக உருவாக்கும் ஆட்டோஜென் கருவியைப் பற்றி 2009இல் எழுதினார்கள்.

எம்சி/டிசி கடுமையானதுதான். என்றாலும் எழுதப்படாத வரியை அதனாலும் காண முடியாது. அணு உலைப் பாதுகாப்பில் ‘மூன்றில் இரண்டு’ என்பது வழக்கமான ஏற்பாடு. மூன்று உணரிகளில் ஏதேனும் இரண்டு அபாயம் என்றால் உலை நிற்க வேண்டும். முதலாவதும் இரண்டாவதும், அல்லது முதலாவதும் மூன்றாவதும், அல்லது இரண்டாவதும் மூன்றாவதும். நிரல் எழுதியவர் கடைசி ஜோடியை மறந்துவிட்டார் என்று கொள்வோம். நான்கு சோதனைகள் செய்கிறோம்: முதல் இரண்டும் அலறுகின்றன, நிற்க வேண்டும்; இரண்டாவது மட்டும், நிற்கக் கூடாது; முதலாவது மட்டும், நிற்கக் கூடாது; முதலாவதும் மூன்றாவதும், நிற்க வேண்டும். நான்கிலும் விடை சரி. எம்சி/டிசியும் 100 சதவீதம். ஆனால் முதல் உணரி பழுதாகி ஊமையாகிவிட்ட நாளில் மற்ற இரண்டும் எவ்வளவு கத்தினாலும் அந்த உலை நிற்காது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து விடை தேடியது திரிபுச் சோதனை. 1978இல் ரிச்சர்ட் டிமில்லோ, ரிச்சர்ட் லிப்டன், ஃபிரெட் சேவார்ட் மூவரும் முன்வைத்த யோசனை இது. நிரலில் வேண்டுமென்றே சின்னச் சின்னப் பிழைகளைப் புகுத்தி, சோதனைகள் அவற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்ப்பது. அப்போது அளக்கப்படுவது நிரல் அல்ல, சோதனைகள். இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர் பிலானி பிட்ஸில் படித்து அங்கேயே கற்பித்துப் பின்னர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போன ஆதித்ய மாத்தூர். சோதனை அடிப்படைகள் குறித்து அவர் எழுதி 2008இல் வந்த பாடநூல் இந்தியக் கல்லூரிகளிலும் புழங்குகிறது.

நிறுவனங்களில் கவரேஜ் ஓர் இலக்காக மாறியதும் அதன் பொருள் கெட்டது. 80 சதவீதம் எட்டினால்தான் நிரலைச் சேர்ப்போம் என்று விதி வைத்தால், விடையைச் சரிபார்க்காமல் வரிகளை ஓட்டிவிட்டு மட்டும் வரும் சோதனைகள் முளைக்கும். எண் ஏறும், பாதுகாப்பு ஏறாது. 2014இல் லாரா இனோசெம்ட்சேவா, ரீட் ஹோம்ஸ் இருவரும் ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 சோதனைத் தொகுப்புகளை உருவாக்கிப் பார்த்தார்கள். சோதனைகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்தால், கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் உள்ள உறவு சுமாராகவே இருந்தது. சிவப்பு வரிகளைத் தேடித் தரும் விளக்காகக் கவரேஜுக்கு ஈடில்லை; தரத்துக்கு மதிப்பெண் போடும் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. விளக்காகப் பயன்பட்டதற்கு நல்ல சான்று மிகால் ஸலெவ்ஸ்கி 2013இல் வெளியிட்ட ஏஎஃப்எல். தாறுமாறான உள்ளீடுகளை வீசி, புதுக் கிளையைத் தொட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் திரித்துப் போகும் இந்தக் கருவி, பல மென்பொருள்களில் ஏராளமான பிழைகளை வெளியே இழுத்துப் போட்டது.

சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி தமிழ்நாட்டில் மிகக் கூர்மையாக எழும் இடம் கல்பாக்கம். அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை எழுந்த ஆண்டுகளில், கணினியை நம்பி உலையை நடத்த அனுமதிப்பது எப்படி என்பது ஒழுங்குமுறையாளர்களின் முன் நின்ற கேள்வி. இதற்கு உதவும் விதமாக பி. அருண்பாபு, சி. செந்தில்குமார், என். முரளி மூவரும் 2012இல் ‘அன்னல்ஸ் ஆஃப் நியூக்ளியர் எனர்ஜி’ இதழில், மென்பொருள் சரிபார்ப்பையும் திரிபுச் சோதனையையும் இணைத்து நம்பகத்தன்மைக்கு ஓர் எண் சொல்லும் கோட்பாட்டு வழியைத் தந்தார்கள். அந்த எண் மூன்றைச் சார்ந்தது என்பது அவர்கள் முடிவு: சோதனை எவ்வளவு போதுமானது, சரிபார்ப்பு எவ்வளவு நடந்தது, ஏற்கெனவே சரிபார்த்த நிரல் எவ்வளவு மறுபயன்பாட்டில் இருக்கிறது. கவரேஜ் தனியாக நின்று தீர்ப்புச் சொல்வதில்லை, சாட்சிகளில் ஒன்றாக நிற்கிறது.

மூன்றில் இரண்டு நிரலைச் சரியாக எழுதிவிட்டு, திரிபுக் கருவியைக் கொண்டு அந்தக் கடைசி ஜோடியை அழித்துப் பார்க்கலாம். பழைய நான்கு சோதனைகளும் தேறிவிடும், அந்தத் திரிபு பிடிபடாமல் உயிரோடு நிற்கும். அதைப் பார்த்த பொறியாளர் ஐந்தாவதாக ஒன்றை எழுதுவார்: முதல் உணரி ஊமை, இரண்டாவதும் மூன்றாவதும் அலறுகின்றன, உலை நிற்க வேண்டும்.