ஒரு விடைபெறு பாடலின் வரலாறு

அமெரிக்கக் 'கண்ட்ரி' இசையுலகிற் காதற்பாட்டெனப் பெயர்பெற்றவற்றுள் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்பதும் ஒன்று. அஃது எழுந்த காரணத்தையும் ஏற்கப்பட்ட வகையினையும் ஈண்டு ஆராய்வாம்.

இதனை இயற்றிப் பாடியவர் டாலி பார்ட்டன். இவர் 1967 முதல் போர்ட்டர் வாகனர் என்னும் பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பாடிப் புகழ்பெற்றார். தனிவழி செல்ல இவர் விழைந்தபோது வாகனர் எளிதில் இசைந்திலர். வாதத்தாற் கூடாததைப் பாட்டால் முடிக்கக் கருதி, 1973இல் பார்ட்டன் இதனை இயற்றினார். கேட்ட வாகனர் கண்கலங்கி விடைகொடுத்தார் என்பது பார்ட்டன் கூற்று. ஆகவே, இது காதலனை நோக்கியதன்று. தொழில்துணைவரை நோக்கியதே என்க. எனினும், 1979இல் வாகனர் அவர்மீது வழக்குத் தொடுத்தார்; பாட்டு விடை தந்ததேயன்றிப் பூசலைத் தீர்த்திலது.

1974இல் இப்பாடல் கண்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடம் எய்திற்று. எல்விஸ் பிரெஸ்லி இதனைப் பாட விரும்பியபோது, அவர்தம் மேலாளர் டாம் பார்க்கர் வெளியீட்டுரிமையிற் பாதியை வேண்டினார். பார்ட்டன் வருந்தியும் மறுத்தார். 1982இல் ஒரு திரைப்படத்திற்காக அவரே மீண்டும் பாட, மறுபடியும் அதே வரிசையில் முதலிடம் கிட்டிற்று. 1992இல் 'தி பாடிகார்டு' படத்திற்கு விட்னி ஹூஸ்டன் பாடியதோ, பில்போர்டு பொதுத் தரவரிசையில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. அதனால் விளைந்த உரிமைப்பொருள் பார்ட்டனையே பெரிதும் சேர்ந்தது.

விளிக்கப்படுவார் பெயர் பாட்டில் யாண்டும் இல்லை. அதனாலேயே கேட்போர் தத்தம் காதலை அதனுட் கண்டனர். பொருளை உலகிற்கு விட்டு, உரிமையைத் தாமே காத்தமையே பார்ட்டனின் தனித்திறம் என்பது எம் துணிபு.