கெட்ட செய்தியும் செவிகொடுத்தலும்: புற்றுநோய் உரையாடல் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் துணிபும்

கடினமான உரையாடல்களில் ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்தபின் மருத்துவர், நோயாளி, குடும்பத்தார் ஆகிய மூவருக்கும் இடையே நடப்பது அது. இதைப் பற்றிய நம் பேச்சு ‘சொல்லலாமா, கூடாதா’ என்ற வினாவிலேயே நின்றுவிடுகிறது. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டறியும்வரை அவ்வினாவுக்கு விடையில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. சொல்லத் தொடங்கியவர்கள் கேட்கத் தொடங்கினார்களா?

அமெரிக்காவில் டொனால்ட் ஓக்கன் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 90 விழுக்காட்டு மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருக்கவே விரும்பினர். 1979-இல் நோவாக் குழுவினரின் ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதை விரும்பினர். மரபு தலைகீழானது; ஆனால் கேட்கும் பழக்கம் அதே வேகத்தில் வளரவில்லை. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிடுவதை 1984-இல் பெக்மனும் ஃப்ராங்கெலும் பதிவு செய்தனர். 2002-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில் குறுக்கிடாமல் பேசவிட்டபோது, நோயாளிகள் சராசரியாக 92 நொடிகளில் தாமாகவே முடித்துக்கொண்டனர். ஓ.பி. வரிசை வாசல்வரை நிற்கும் நம் அரசு மருத்துவமனையில் அந்த ஒன்றரை நிமிடமும் பெரிய செலவுதான்; ஆனால் எட்டாத செலவன்று.

3. பாசாங்கின் விலை

சாவை நெருங்கும் நோயாளிகள் நடுவே கிளேசரும் ஸ்ட்ராஸும் செய்த கள ஆய்வு 1965-இல் நூலானது. நோயாளி எதுவும் அறியாத நிலை, ஐயப்படும் நிலை, இருதரப்பும் அறிந்தும் அறியாததுபோல் நடிக்கும் நிலை, வெளிப்படையாக அறிந்த நிலை என நான்கை அவர்கள் பிரித்தனர். நம் வீடுகளில் நெடுநாள் நீடிப்பது மூன்றாவது. “டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்கிறார் மகன். அம்மாவிடம் “சின்னக் கட்டிதான்” என்கிறார்கள். அவரோ கீமோ வார்டில் தலைமுடி கொட்டியவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். ‘கரண்ட் வைக்கணும்’ என்று, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றி, பக்கத்துக் கட்டிலில் பேசியதையும் கேட்டிருக்கிறார். மகன் வருந்தக்கூடாதென்று அவரும் நடிக்கிறார். வீட்டை யார் பெயருக்கு எழுதுவது, கடைசி மகள் கல்யாணத்தை முன்னதாக வைக்கலாமா, கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியிலா ஊரிலா என்பதெல்லாம் பேசப்படாமலே போகின்றன.

மகனைப் பொய்யர் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் கட்டுபவரும் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். “சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?” என்று அவரிடம் முதலில் கேட்க வேண்டும். அந்த அச்சத்தைக் கேட்டறிந்த பிறகே அடுத்த பேச்சு.

4. ஆறு படிகளில் இரு வினாக்கள்

வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானோர் கெட்ட செய்தி சொல்வதற்கென 2000-இல் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ முறைக்கு ஆறு படிகள். செய்தி சொல்வது நான்காவது. அதற்கு முந்தைய இரண்டும் வினாக்கள் என்பதே இம்முறையின் உயிர். “உங்களுக்கு என்ன ஆகியிருக்குன்னு நினைக்கிறீங்க?” என்பது ஒன்று. “ரிப்போர்ட்ல இருக்கறதை உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்டப் பேசிக்கட்டுமா?” என்பது மற்றொன்று. “அவன்கிட்டயே சொல்லிடுங்க” என்று நோயாளி சொன்னால் அதுவும் முழுமையான விடை. அப்போது சொல்லாமலிருப்பது ஒளிப்பதாகாது. இவ்வினாக்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு விடைக்குக் காத்திராமல் நான்காம் படிக்குத் தாவுபவர் இம்முறையைப் பின்பற்றியவரல்லர்.

5. எஞ்சும் சிக்கல்

விடை மாறக்கூடியது. இன்று வேண்டாமென்றவர் அடுத்த வாரம் இரவுப் பணியிலிருக்கும் செவிலியரிடம், “சிஸ்டர், எனக்கு நெசமாவே என்னம்மா?” என்று கேட்பார். எதை, யாரிடம், எந்த அளவுக்குச் சொல்லியாயிற்று என்று கேஸ் ஷீட்டில் எழுதியிராவிட்டால் செவிலியருக்கு மழுப்புவதைத் தவிர வழியில்லை. மருந்தளவைக் குறிக்கும் அதே தாளில் இதற்கும் இரண்டு வரி ஒதுக்கலாம். ஒவ்வொரு முறை சிகிச்சை மாறும்போதும் அந்த இரு வினாக்களையும் மறுபடி கேட்டு, அவ்வரிகளைத் திருத்த வேண்டியிருக்கும்.