நெடுமுப்போட்டி

நெடுமுப்போட்டி அல்லது டிரையத்லான் என்பது நீச்சல், மிதிவண்டி ஓட்டம், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டிய விளையாட்டு ஆகும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோவில் இப்பெயரில் முதற்போட்டி நடந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் தொலைவு முறையே 1.5, 40, 10 கி.மீ. ஆகும். அதில் பாதியான விரைவுத் தொலைவே புதியவர்களுக்கு ஏற்றது.

கருவிகள்

நல்ல நிறுத்திகள் கொண்ட சாதாரண மிதிவண்டி, நீச்சல் கண்ணாடி, ஓட்டக் காலணி போதுமானவை. தலைக்கவசம் கட்டாயம், அதன் வாரை மாட்டிய பின்னரே மிதிவண்டியை எடுக்கலாம். நீரின் வெப்பநிலை 22 பாகைக்கு மேற்பட்டால் விரைவு, ஒலிம்பிக் தொலைவுகளில் பொதுப்பிரிவினர் குளிர்காப்பு நீச்சலுடை அணியக் கூடாது. வங்காள விரிகுடாவின் தமிழகக் கரை நீர் ஆண்டு முழுவதும் அதைவிட வெதுவெதுப்பானது. எனவே விலையுயர்ந்த அவ்வுடை இங்கு வீண்செலவே.

பயிற்சி

மிதிவண்டியிலிருந்து இறங்கியதும் கால்கள் கனக்கும். ஆதலால் வாரம் ஒருமுறையேனும் மிதித்த உடனே சிறிது தொலைவு ஓடிப் பழகுவர். வெயிலைத் தவிர்க்க விடியற்காலையே உகந்தது.

காஞ்சிபுரம் போன்ற உள்நாட்டு ஊர்களில் கிணற்றில் நீந்தக் கற்றோர் பலர் தலையைத் தூக்கியே நீந்துவர். இதனால் கால்கள் தாழ்ந்து விரைவில் களைப்பு உண்டாகும். முகத்தை நீரில் ஆழ்த்தி, பக்கவாட்டில் மூச்சு வாங்கப் பழகுதல் வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை இப்போட்டிகளில் பதிவான 135 இறப்பு, இதய நிறுத்த நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. கடலில் தனியே பயிலலாகாது. உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர் அதனை எதிர்க்காமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிய பின்னரே கரைநோக்கித் திரும்ப வேண்டும்.